பதினேழு வயது உபாத்தியாயினி: மேற்கிந்தியாவில் பெண்கல்வி, 1848–1855

வினா

புத்தக அட்டைகளிலும் சுவர்ப்படங்களிலும் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு, இந்தியாவில் பெண்கல்விக்காகப் பாடுபட்ட பெரியோர் அனைவரும் நரைத்த தலையோடேயே உலகுக்கு வந்தவர்கள் போலத் தோன்றுவார்கள். தலைப்பாகையும் தாடியுமாக ஜோதிராவ் பூலே நம்மைப் பார்க்கிறார். தலையை முந்தானையால் மூடி, நெற்றி நிறையக் குங்குமமிட்ட தாயாகச் சாவித்திரிபாய் வீற்றிருக்கிறார். மார்பில் புரளும் வெண்தாடியோடு தாதாபாய் நௌரோஜி தேசத்தின் பாட்டனாராகவே நிலைத்துவிட்டார். ஆனால் தேதிகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போமானால், 1848-ஆம் ஆண்டில் பூனா நகரத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலை திறக்கப்பட்ட சமயத்தில் ஜோதிராவுக்கு வயது 21-ஐ ஒட்டியிருந்தது. அங்கே பாடம் சொல்ல வந்த அவர் மனைவிக்கு 17. அடுத்த ஆண்டு பம்பாயில் வீடுவீடாக ஏறி இறங்கிப் பெண்குழந்தைகளைத் திரட்டிய தாதாபாய்க்கு 24. இவ்விளமை தற்செயலாக நேர்ந்ததா, அன்றி அம்முயற்சியின் தன்மையையே நிர்ணயித்த காரணங்களுள் ஒன்றா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா.

இவ்விஷயத்தைப் பற்றி முன்னர் எழுதியோர் சிலர் அதனை மிஷனரிமாரும் துரைத்தனத்தாரும் இந்நாட்டுக்கு அளித்த கொடையாகக் கண்டார்கள். வேறு சிலர் மகாபுருஷர் ஓரிருவரின் தனிப்பட்ட கருணையாகக் கண்டார்கள். அண்மைக் காலத்தில் ஒடுக்கப்பட்டோர் தரப்பிலிருந்து எழுதும் ஆராய்ச்சியாளர்கள், நெடுநாள் மறைக்கப்பட்டுக் கிடந்த சாவித்திரிபாயை வெளிக்கொணர்ந்து, அவருக்குரிய பீடத்தில் அமர்த்தியிருக்கிறார்கள். இம்மூன்றாம் கூட்டத்தாருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. எனினும் பீடத்தில் அமர்த்தப்பட்டவர்களுக்கு வயது இருப்பதில்லை.

'முதல்' என்னும் சொல்

இத்துறையில் நுழைவோரை வாசலிலேயே மறிக்கும் ஒரு விவாதம் உண்டு. முதல் பெண் பாடசாலை எது என்பதே அது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707-இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824-இல் பெண்கள் விடுதிப் பள்ளியை ஸ்தாபித்தது. அதே அமெரிக்க மிஷன் சங்கம் 1827-இல் பம்பாய்க்கு அனுப்பிய ஸிந்தியா ஃபேரர் என்னும் மணமாகாத மாது, பின்னர் அஹமத்நகரில் நடத்திய பெண் பாடசாலையைப் பார்த்துத்தான் ஜோதிராவ் ஊக்கம் பெற்றார். ஆகவே உடுவிலில் இட்ட விதையும் பூனாவில் முளைத்த செடியும் ஒரே கூடையிலிருந்து வந்தவை என்று சொன்னால் அது மிகையாகாது. வங்காளத்தில் பாராசாத் என்னும் ஊரில் 1847-இல், மிஷனரிகளின் கை கலவாமல், பியாரி சரண் சர்க்காரும் அவர் நண்பர்களும் ஒரு பெண் பாடசாலையைத் திறந்தார்கள். சர்க்காரின் வயது அப்போது 24. கல்கத்தாவில் 1849 மே 7-ஆம் தேதி 21 சிறுமிகளோடு தொடங்கிய பெத்யூன் பாடசாலைக்குக் கவர்னர் ஜெனரலின் ஆலோசனைச் சபை அங்கத்தினர் ஒருவரின் செல்வாக்கே பக்கபலமாக நின்றது.

எனவே பூனாவின் பெருமையை 'முதல்' என்ற ஒற்றைச் சொல்லின் மேல் ஏற்றி வைப்பது அதற்குப் பலம் சேர்க்காது. ஜோதிராவே அச்சொல்லைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. 1882-இல் ஹண்டர் கல்விக் கமிஷனுக்கு அவர் அளித்த வாக்குமூலத்தில், தாம் பெண் பாடசாலையை நிறுவியது ஏறத்தாழ 1854-ஆம் ஆண்டில் என்று சொல்லியிருக்கிறார். அது நினைவுப் பிழை என்பதில் ஐயமில்லை. ஏனெனில் 1852 நவம்பர் 16-ஆம் தேதியே, அப்பாடசாலைகளை நடத்தியமைக்காகச் சர்க்கார் அவருக்குப் பூனா விசிராம்பாக் வாடாவில் பகிரங்கமாகச் சால்வை போர்த்தி மரியாதை செய்திருக்கிறது. தாம் செய்த காரியத்தின் வருஷத்தையே மறந்துபோன ஒருவருக்காக, நாள் நட்சத்திரம் பார்த்துச் சண்டையிடுகிறார்கள் பின்வந்தோர். நமக்கு வேண்டியது தேதியன்று. மிஷன் சம்பளமோ சர்க்கார் உத்தியோகமோ முதிர்ந்த குடும்பத் தலைமையோ இல்லாதவர்கள் இதைத் தொடங்கினார்கள் என்ற செய்தியே.

பம்பாய் மாணாக்கர்

எல்பின்ஸ்டன் கலாசாலையில் பயின்ற வாலிபர்கள், பேராசிரியர் பாட்டன் என்பவரின் ஆதரவோடு, 1848-இல் ஒரு மாணாக்கர் இலக்கிய விஞ்ஞான சங்கத்தை அமைத்தார்கள். கூடிக் கட்டுரை வாசிப்பதும், வாதிப்பதும், கலைவதுமாக அன்றைய கலாசாலைச் சங்கங்கள் எல்லாம் எப்படி நடந்தனவோ அப்படியே அதுவும் நடந்திருக்கலாம். வங்காளத்தில் 1842-இல் பெண்கல்வியைப் பற்றி ஒரு கட்டுரைப் போட்டி வைத்து, ஹிந்து கலாசாலை மாணாக்கராயிருந்த மைக்கேல் மதுசூதன தத்தருக்குத் தங்கப் பதக்கம் அளித்தார்கள். பதக்கம் கிடைத்தது, பாடசாலை கிடைக்கவில்லை. பம்பாய்ச் சங்கத்திலும் ஸ்திரீ கல்வியைப் பற்றி ஒருவர் கட்டுரை வாசித்தார். ஆனால் அங்கே பேச்சு அந்த அறையோடு முடியவில்லை. வாசித்தவர்களும் கேட்டவர்களும் 1849 அக்டோபரில் தாங்களே உபாத்தியாயர்களாகி, சம்பளமின்றி, தங்கள் கலாசாலை வேளைக்கு முன்னே காலையில் சிறுமிகளுக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் பார்ஸிச் சிறுமிகள் 44 பேர், ஹிந்துச் சிறுமிகள் 24 பேர்.

சிறுமிகளைச் சேர்ப்பது எளிய காரியமாயிருக்கவில்லை. படித்த பெண் விதவையாவாள் என்ற நம்பிக்கை அக்காலத்தில் வங்காளத்தில் எவ்வளவு ஆழமாய் வேரோடியிருந்தது என்பதை 1830-களில் வில்லியம் ஆடம் எழுதிய அறிக்கைகள் காட்டுகின்றன. பம்பாயிலும் தகப்பன்மாரின் மனம் பெரிதும் மாறுபட்டதன்று. வாசற்படி ஏறி வந்த இந்த மீசை அரும்பிய இளைஞர்களை உபசரித்தோர் சிலர், ஏசித் துரத்தியோர் பலர். இவர்களுக்கு இருந்த தகுதிதான் என்ன? தாதாபாய் முதுமையில் தம் இளமையை நினைவுகூரும்போது, ஏழைத் தாயின் பிள்ளையாகிய தமக்குக் கல்வி இலவசமாகக் கிடைத்ததென்றும், பொதுமக்கள் பணத்தில் படித்தவன் படித்ததைப் பொதுமக்களுக்கே திருப்பித் தரவேண்டுமென்ற எண்ணம் அப்போதே தமக்குள் உதித்ததென்றும் சொல்லுகிறார். கடன் வாங்கியவனின் மனநிலை இது. முப்பது வருஷம் கழித்து அதே மனிதருக்கு இவ்வெண்ணம் வந்திருந்தால் நன்கொடைச் சீட்டில் கையெழுத்திட்டுவிட்டு அமைந்திருப்பார். அன்று கையில் பணமில்லாததாலேயே காலைப்பொழுதைக் கொடுத்தார்.

பணமும் பின்னால் வந்தது. பார்ஸிகளில் காமா குடும்பத்தார் பொருளுதவி செய்தார்கள்; ஜகந்நாத் சங்கர்சேட் மராட்டிச் சிறுமிகளின் பாடசாலைக்கு இடமளித்தார். துறைமுகப் பட்டணத்தின் வர்த்தகப் பிரபுக்கள் நிழல் தந்ததால் பம்பாய் முயற்சி விரைவில் வேர் பிடித்தது. அந்நிழலுக்கு ஒரு விலையும் இருந்தது: அங்கே திறந்த கதவுகள் பெரும்பாலும் தீண்டத்தக்கோர் வீட்டுக் கதவுகளே.

பூனா: தகப்பன் வீட்டு வாசல்

பேஷ்வாக்களின் தலைநகராயிருந்து முப்பதே ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர் கைக்கு மாறிய பூனாவில் சங்கர்சேட்டுகள் இல்லை. அங்கே இம்முயற்சியின் முதல் எதிரி தெருவில் நிற்கவில்லை. வீட்டுக்குள்ளேயே, தகப்பனார் வடிவில் இருந்தார். கோவிந்தராவ் கொடியவர் அல்லர். அரண்மனைக்குப் பூக் கொடுத்ததால் பூலே என்று பெயர் பெற்ற மாலி ஜாதிக் குடும்பத்தின் தலைவர். ஜாதியாரின் சொல்லுக்கு அஞ்சுபவர். சிறுவன் ஜோதிராவைப் பள்ளியிலிருந்து ஒருமுறை நிறுத்தியவரும் அவரே. அக்கம்பக்கத்திலிருந்த கஃபார் பேக் முன்ஷி என்ற முஸ்லிம் ஆசிரியரும் லிஜிட் என்ற வெள்ளைக்காரரும் எடுத்துச் சொன்னபின் மீண்டும் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளிக்கு அனுப்பியவரும் அவரே. அப்பள்ளியில் படித்ததன் பலனாக 1847-இல் மகன் தாமஸ் பெயினின் 'மனித உரிமைகள்' நூலை வாசித்தான். மறு வருஷம் ஒரு பிராமண நண்பனின் கல்யாண ஊர்வலத்தில் கூட நடந்ததற்காக அவமானப்பட்டுத் திரும்பினான். நூலறிவும் அவமானமும் ஒரே ஆண்டிற்குள் ஒருவனுக்குள் சந்தித்தால் என்ன விளையும் என்பதற்கு அதன்பின் நடந்தவையே அத்தாட்சி.

ஜோதிராவுக்கு 13 வயதிலும் சாவித்திரிபாய்க்கு 9 வயதிலும் மணமாகியிருந்தது. எழுத்தறியாமல் வந்த மனைவிக்குக் கணவரே எழுத்தறிவித்தார். பின்னர் அவர் அஹமத்நகரிலும் பூனாவிலும் மிஷன் மாதர்களிடம் ஆசிரியப் பயிற்சி பெற்றார். கூடமாட நின்றவர்கள் ஸதாசிவ கோவண்டே, வால்வேகர், பராஞ்சபே என்னும் பிராமண இளைஞர்கள். பாடசாலை கூடிய இடம் பிடே என்னும் பிராமணரின் வீடு. பூனா பிராமணர்களே இதை எதிர்த்தார்கள் என்பது உண்மை. பூனா பிராமணர் சிலரே இதைத் தாங்கினார்கள் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்ல இன்று இரு தரப்பாருக்கும் விருப்பமில்லை.

1849-இல் ஜாதியாரின் நெருக்குதல் தாளாமல் கோவிந்தராவ், பாடசாலையை விடு அல்லது வீட்டை விடு என்று மகனுக்குச் சொல்ல, தம்பதிகள் வீட்டை விட்டார்கள். இளைஞர்கள் துணிவதற்குக் காரணம் அவர்களுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லாமையே என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். கூட்டுக் குடும்பத்தின் அமைப்பை அறிந்தவர் இப்படிச் சொல்லமாட்டார். சொந்தச் சம்பாத்தியமோ தனிக் குடித்தனமோ இல்லாத 22 வயது மகனுக்கும் 18 வயது மருமகளுக்கும் அந்த ஒரு கூரையே சொத்து, அதுவே மானம், அதுவே நாளைய சோறு. முதிர்ந்த சீர்திருத்தக்காரரைச் சமூகம் பகிஷ்கரிக்கலாம். அவருடைய சொந்த வீட்டிலிருந்து அவரை வெளியேற்ற யாராலும் இயலாது. இளையவரை வெளியேற்ற ஒரு தகப்பனின் வாய்ச்சொல் போதும். ஆகவே இளமை இம்முயற்சிக்கு உற்சாகத்தை மட்டும் அளித்தது என்பது பாதிக் கணக்கு. போர்க்களம் எங்கே அமைய வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானித்தது. பெண் படிக்கலாமா என்ற கேள்வி பூனாவில் சாஸ்திரச் சபையில் எழுந்ததைவிடச் சமையலறை வாசலில் அதிக உக்கிரமாக எழுந்தது.

சான்றுகளின் தரம்

சாவித்திரிபாய் பாடசாலைக்கு நடந்து செல்லும்போது வழியிலிருந்தோர் சாணத்தையும் கல்லையும் வீசினார்களென்றும், அதற்காக அவர் மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டுபோவாரென்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. இது பிற்காலத்து நினைவுக் குறிப்பின் வழியாக நமக்கு வந்தது, அக்காலத்து ஆவணமன்று. பூனாவின் அன்றைய நிலையை நோக்கும்போது நம்பத்தக்கதே என்பது எம் அபிப்பிராயம். ஆயினும் அதைவிடப் பலம் பொருந்திய சாட்சியம் அவருடைய கையெழுத்திலேயே இருக்கிறது. 1856 அக்டோபர் 10-ஆம் தேதி, நோயுற்று நாய்காவ் என்னும் பிறந்தகத்தில் தங்கியிருந்தபோது, அவர் கணவருக்கு எழுதிய கடிதத்தில் தம் சகோதரனோடு நேர்ந்த வாதத்தை விவரிக்கிறார். தீண்டத்தகாதோராகக் கருதப்பட்ட மஹார்களுக்கும் மாங்குகளுக்கும் ஊழியம் செய்வதால் ஜாதியை விட்டு விலகியவர்களாகிவிட்டீர்கள், ஆகவே ஜாதி வழக்கப்படியும் பிராமணர் சொற்படியும் நடங்கள் என்று சகோதரன் சொல்ல, இவர் பொறுமையாகவும் கூர்மையாகவும் அவன் வாயை அடைக்கிறார். தெருவில் யாரோ எறிந்த சாணம் உலர்ந்துவிடும். பிறந்தகத்துத் திண்ணையில் உடன்பிறந்தான் சொல்லும் சொல் அப்படியன்று. முன்பு மாமனார் வீட்டில் நிகழ்ந்ததே மீண்டும் பிறந்தகத்தில் நிகழ்கிறது; போர் வீட்டுக்குள்தான் என்று நாம் மேலே கொண்ட கருத்துக்கு இக்கடிதமே தலைசிறந்த ஆதாரம்.

அதே கடிதத்தில்தான் பாத்திமா என்ற பெயரும் வருகிறது. தாம் இல்லாத வேளையில் வேலைச் சுமை அவள்மேல் விழுந்திருக்குமே என்ற கவலையோடு வருகிறது. வீடிழந்த தம்பதிகளுக்கு இடமளித்த உஸ்மான் ஷேக்கின் சகோதரி பாத்திமா ஷேக் என்பவர் இவரே என்று மரபு கூறும். 2025 ஜனவரியில் பத்திரிகையாளர் ஒருவர் இப்பாத்திரம் தம்முடைய கற்பனை என்று அறிவிக்கப்போய்ப் பெரும் பரபரப்பு எழுந்தது. 1988-இல் மா. கோ. மாளி பதிப்பித்த சாவித்திரிபாயின் நூற்றொகுதியிலேயே இக்கடிதம் அச்சாகியிருக்க, பின்வந்த ஒருவர் அப்பெயரை எங்ஙனம் புதிதாகச் சிருஷ்டித்திருக்க முடியும்? அதே நேரத்தில், ஒரு கடிதத்தில் போகிற போக்கில் வரும் ஒரு பெயரின்மேல் பிறந்த நாள், உருவப்படம், விரிவான ஜீவிய சரித்திரம் ஆகியவற்றையெல்லாம் அடுக்கிய பக்தர்களும் அந்த அவநம்பிக்கைக்குப் பாதை போட்டுக் கொடுத்தவர்களே. அப்பாடசாலைகளில் பாத்திமா என்ற முஸ்லிம் பெண் உழைத்தாள். இவ்வளவுக்குச் சான்று உண்டு, இவ்வளவே போதுமான பெருமை.

எதன் பொருட்டுப் படிப்பு?

இதுகாறும் இளமையின் பக்கம் நின்று பேசினோம். இளமையால் தாண்ட முடியாத ஒரு வரம்பும் இருந்தது. பெண் எதற்காகப் படிக்க வேண்டும் என்று கேட்டால், பம்பாய் மாணாக்கர் முதல் கல்கத்தாப் பிரபுக்கள் வரை ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரே விடை வந்தது: நல்ல மனைவியாக, நல்ல தாயாக. ஆங்கிலம் கற்ற கணவனுக்கு அவனோடு பேசத் தெரிந்த துணைவி தேவைப்பட்டாள். ஜோதிராவும் தாயினால் குழந்தைக்கு உண்டாகும் அபிவிருத்தியையே தம் முயற்சிக்குக் காரணமாக எழுதியிருக்கிறார். தகப்பன்மாரை இணங்கவைக்க இவ்வாதம் பயன்பட்டிருக்கும். ஆனால் அது பெண்ணின் படிப்பை வேறொருவர் நன்மைக்கான கருவியாக்கிற்று. பத்து, பதினொரு வயதில் மணமுடித்துப் பாடசாலையை விட்டுப்போகும் சிறுமியைத் தடுக்க அவ்வாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. மனைவியாவதற்கே படிப்பு என்றால், மனைவியான பின் படிப்பு எதற்கு?

பூனா பாடசாலைகளுக்குப் பிராமணப் பண்டிதர்களுக்கென்று பேஷ்வாக்கள் காலத்தில் ஏற்பட்ட தட்சிணை நிதியிலிருந்தே ஒரு பங்கு உதவியாக வந்தது என்பது சரித்திரத்தின் நகைச்சுவைகளுள் ஒன்று. அந்த உதவியோடு நிர்வாகக் குழுவும் வந்தது. குழுவோடு அபிப்பிராய பேதமும் வந்தது. தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்கு எழுத்தும் கணக்கும் போதும் என்போர் ஒருபுறமும், அவ்வளவில் நிறுத்தக்கூடாது என்ற ஜோதிராவ் மறுபுறமுமாக நிற்க, 1857-ஆம் ஆண்டுக் கலகத்துக்குப்பின் நன்கொடைகளும் வற்ற, அவர் நிர்வாகத்திலிருந்து விலகினார்.

முக்தா

அதற்கு முன்னரே, எவ்வளவு படிப்பு போதும் என்ற வினாவுக்கு மாணாக்கி ஒருத்தி விடையளித்திருந்தாள். 1855-இல், அமெரிக்க மராட்டி மிஷனின் 'ஞானோதயா' பத்திரிகையில், மாங், மஹார் மக்களின் துயரத்தைப் பற்றிய கட்டுரை ஒன்று இரு தவணைகளாக வெளிவந்தது. எழுதியவள் பூலே பாடசாலையில் பயின்ற முக்தா என்னும் மாங் ஜாதிச் சிறுமி. வயது 14 என்பர் பலர், 11 என்பர் சிலர், எவ்வாறாயினும் சிறுமியே.

அக்கட்டுரையில் நல்ல மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேதம் பிராமணருக்கே உரியது என்றால் எங்களுக்கு வேதமில்லை, வேதமில்லையேல் எங்களுக்கென்று மதமும் இல்லை, பின் எங்கள் மதம் எது என்று கடவுளையே நோக்கி அவள் கேட்கிறாள். தர்க்கசாஸ்திரம் கற்ற பண்டிதனும் இவ்வளவு சுருக்கமாக எதிரியை அவன் பிரமாணத்தாலேயே மடக்க மாட்டான். பேஷ்வா ஆட்சியில் மாளிகை அஸ்திவாரங்களில் தன் மக்கள் உயிரோடு புதைக்கப்பட்டதை எழுதுகிறாள். உடற்பயிற்சிக் கூடத்தின் முன்னே நடந்து போன குற்றத்துக்காக வெட்டுண்ட தலைகளை எழுதுகிறாள். கூரையில்லாமல் குளிரிலும் மழையிலும் பிள்ளை பெறும் தன் ஜாதிப் பெண்களின் வேதனையை எழுதுகிறாள். அக்காலத்துச் சீர்திருத்தக்காரர் எவர் எழுத்திலும் பிரசவத்தின் குளிர் இல்லை. மேல்ஜாதியாரோடு அவள் நின்றுவிடவுமில்லை: மாங்குகளைத் தம்மினும் தாழ்ந்தோராக எண்ணும் மஹார்களையும் கண்டிக்கிறாள். முடிவில் தன் இனத்தாரைப் படிக்கச் சொல்லுகிறாள். அறியாமையே தங்களை வதைக்கும் மூடநம்பிக்கைகளின் வேர் என்பது அவள் கூறும் காரணம்.

இங்கே வாசகருக்கு வேறொரு சிறுமி நினைவுக்கு வரலாம். பாகிஸ்தானத்து ஸ்வாத் பள்ளத்தாக்கில் பெண்கள் பள்ளிக்கூடம் போகக்கூடாதென்று தாலிபான்கள் தடை விதித்த 2009 ஜனவரியில், 11 வயது மலாலா யூசுஃப்ஸை, குல் மகாய் என்ற புனைபெயரில் பி.பி.சி.யின் உருதுப் பகுதிக்கு நாட்குறிப்பு எழுதினாள். அவள் பெயரை மறைக்க வேண்டியிருந்ததும், வெளிப்பட்ட பின் 2012-இல் சுடப்பட்டதும் உலகறிந்த விஷயம். ஆனால் 2014-இல் 17 வயதில் நோபெல் பரிசு பெற்ற அவளது இளமையை வியந்த உலகம், அவள் சொன்னதைவிடச் சொன்னவளின் வயதையே அதிகம் கொண்டாடிற்று. முக்தாவுக்கும் இன்று அதே கதி நேர்கிறது. இவ்வளவு சிறிய பெண் எழுதினாளே என்று வியப்பவர்கள், அவள் மதத்தைப்பற்றி எழுப்பிய கேள்விக்கு விடை சொல்லாமலே கடந்து போகிறார்கள். அவள் எழுதியவற்றுள் வேறெதுவும் நமக்கு எஞ்சவில்லை.

ஆசிரியர்களின் இளமை ஒரு கதவைத் திறந்தது. அதன் வழியே உள்ளே போன சிறுமி, அவர்கள் திட்டமிட்ட அறையில் அமராமல் நேரே மறுபக்கத்துத் தெருவுக்கு நடந்தாள் என்பதே இச்சான்றுகளால் நாம் அடையும் முடிபு. 1882-இல் பூனாவில் ஹண்டர் கமிஷன் முன்னிலையில், 24 வயதான பண்டிதை ரமாபாய், பெண் உபாத்தியாயினிகளும் பெண் வைத்தியர்களும் வேண்டுமென்று வாதாடினார். அதே கமிஷனுக்கு ஜோதிராவும் எழுத்துமூலம் வாக்குமூலம் தந்தார். தாமும் தம் மனைவியும் அப்பாடசாலையில் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்ததாக அதில் குறிப்பிடுகிறார். சாவித்திரிபாய் என்ற பெயர் அவ்விடத்தில் இல்லை. மனைவி என்ற சொல்லே இருக்கிறது. அவர்களிடம் படித்த சிறுமியின் பெயரோ, அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே, அவள் கட்டுரையோடு அச்சில் ஏறியிருந்தது.